ஓய்ந்துபோவீர்கள்

பழைய பெயர் என்ற கட்டத்தில்
முச்சநேத்தா என்று எழுதினேன்.
புதிய பெயர்: ருவிம்போ.
நம்பிக்கை என்று பொருள்.
யாரோடும் வம்புக்குப் போகாத பெயர்.

காரணம் என்ற கட்டம் மட்டும்
தீப்பெட்டி அளவு.
அதற்குள் எப்படி அடைப்பது இதை:
நான் வயிற்றில் ஐந்து மாதமாயிருந்தபோது
சாகுப்வா குடியிருப்பின் குழாயடியில்
மூன்று பெண்கள்
என் அப்பா யாராயிருக்கும் என்று
விரல்விட்டு எண்ணினார்கள்.
அம்மா தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.
வாளி நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.
நான்கு மாதம் பொறுத்து
என்னைப் பெற்று, பெயர் வைத்தாள்:
பேசிப் பேசி ஓய்ந்துபோவீர்கள்.

எங்கள் ஷோனாவில் அது ஒற்றைச் சொல்.
அந்த மூவரும் என்னைக் கூப்பிடும்போதெல்லாம்
தங்களுக்கான வசவைத்
தங்கள் வாயாலேயே சொல்லிக்கொள்ள வேண்டும்.
அம்மாவின் கணக்கு அது.
எறிந்தவள் அவள், குறி அவர்கள்.
இடையில் கல்லாக நான்,
முப்பத்து நான்கு வருடமாகப் பறக்கிறேன்.

ரொட்டி ஆலையில் இரவு வேலை.
வருகைப் பதிவேட்டை வாசிக்கும் மேற்பார்வையாளன்
என் பெயர் வந்ததும் கொட்டாவி விடுவான்:
"ஓய்ந்துவிட்டோம் தாயே."
தினமும் அதே நகைச்சுவை.
ஏழு வருடம்.

எழுத்தர் சொன்னான்,
இரண்டு சாட்சிகள் வேண்டும்,
நீ நீதான் என்று சொல்ல.
நானே சொல்கிறேனே என்றேன்.
அது செல்லாது என்றான்.

முத்தாரேயின் மலைகளிலிருந்து
ஜூலைப் பனி இறங்கி வந்த காலையில்
மினிபஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் இருவரல்ல,
பதினொரு பேர்.
எங்கள் சீட்டுக் குழு மொத்தமும்.
கடைசியாக, வீங்கிய முழங்காலோடு,
மாய் தருவிங்கா.
குழாயடி மூவரில் ஒருத்தி செத்துப்போனாள்,
ஒருத்தி மகனோடு எல்லை தாண்டிப் போனாள்.
மிச்சம் இவள்.

எழுந்தீர்களா என்று கேட்டேன், வழக்கப்படி.
நீ எழுந்திருந்தால் நானும் எழுந்திருக்கிறேன்
என்றாள், வழக்கப்படி.
ஆயிரம் முறை கேட்ட பதில்.
அன்றைக்குத்தான் உறுத்தியது
நடுவிலிருக்கும் அந்த 'ஆல்'.
நான் எழாவிட்டால்?
படுத்தே கிடப்பாளா இவள்,
என் பெயரால் அடிபட்டவள்?

பொருளாளர் ஷுவாய் நோட்டை விரித்தாள்.
"ஆகஸ்டில் உன் முறை.
நோட்டில் முச்சநேத்தா இருக்கிறாள்,
பத்து மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறாள்.
ருவிம்போ என்று யாரும்
எங்களுக்குக் காலணா கட்டவில்லை.
பணத்தை யாரிடம் கொடுப்பது?"
வரிசையில் நின்ற அந்நியர்களும் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பிறகு வந்தது, கொஞ்சம்.

மாய் தருவிங்கா எழுத்தரின் மேசையைத் தட்டினாள்:
"அந்தப் பெயர் எனக்குச் சொன்னது, தம்பி.
இவள் வெறுமனே சுமந்தவள்.
என்னைக் கேட்காமல் எப்படி அழிப்பீர்கள்?"

எழுத்தர் சட்டப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.
கூரையைப் பார்த்தான்.

"ஓய்ந்துவிட்டீர்களா?" என்று கேட்டேன் அவளிடம்.
என் வாழ்நாளில் முதல்முறையாக
என் பெயரை ஒரு கேள்வியாக.
"இன்னும் இல்லை" என்றாள்.
"உன் மூக்கைப் பார்த்தால்
எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்."

அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில்
மூன்று இரவு கண்மூடாமல் உட்கார்ந்திருந்தவளும்
இதே பெண்தான்.
இரண்டையும் எந்தக் கட்டத்தில் எழுத?

கை நடுங்குகிறது, பேனா வேண்டாம் என்றாள்.
மையில் கட்டைவிரலைத் தோய்த்தாள்.
மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்தவள்
சாட்சிக்கான இடமென்று நினைத்து
காரணம் என்ற கட்டத்தில் அழுத்திவிட்டாள்.

சின்னக் கட்டம்.
விரல் சரியாக அடைத்துக்கொண்டது.

படிவம் கெட்டுப்போயிற்று,
புதுசுக்கு ஒரு டாலர் என்றான் எழுத்தர்.
ஆகஸ்ட் வரட்டும் என்றேன்.